நூல் கற்குவியலுக்குள் மறைந்தபோது: ஐரீன் கர்டியை மீட்கும் அத்தியாயங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ் மெக்டொனால்ட் எழுதி 1872இல் புத்தகமாக வந்த 'இளவரசியும் கோப்ளினும்' என்ற சிறுவர் நாவலை நான் மூன்று முறை உரக்கப் படித்திருக்கிறேன். முதலில் என் மகனுக்கு, பிறகு அக்கா மகளுக்கு, அதன் பிறகு எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு. ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். 20, 21 ஆகிய அத்தியாயங்களுக்கு வரும்போதெல்லாம் கூட்டம் கலவரமாகிவிடும். அப்போது பிள்ளைகள் கேட்டவை, மறுநாள் அவர்களுடைய பெற்றோர் வந்து கேட்டவை, இரவில் நானே கேட்டுக்கொண்டவை எல்லாம் இங்கே இருக்கின்றன. கதையின் முடிவு வரை இதில் வெளிப்படும். படிக்காதவர்கள் அந்த இரண்டு அத்தியாயங்களையாவது படித்துவிட்டு வந்தால் மகிழ்வேன்.

கதை தெரியாது. அந்த இடம் வரை சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மலைச்சரிவில் ஒரு பெரிய வீடு. அதில் எட்டு வயது இளவரசி ஐரீன், லூட்டி என்ற செவிலியின் பராமரிப்பில் வளர்கிறாள். தாய் இல்லை. தந்தையான அரசர் எப்போதாவது குதிரையில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மலைக்கு அடியில் கோப்ளின்கள் என்ற கோணல் உருவ உயிரினங்கள் வாழ்கின்றன. மழை பெய்த ஒருநாள் வழி தவறி மாடிக்கு மேல் மாடியாக ஏறிய ஐரீன், உச்சியில் ராட்டையில் நூற்றுக்கொண்டிருக்கும் ஒரு மூதாட்டியைப் பார்க்கிறாள். அவள் ஐரீனின் எள்ளுப்பாட்டி. அப்பாவின் அம்மாவின் அப்பாவின் அம்மா. ஆங்கிலத்தில் நீட்டி நீட்டிச் சொல்ல வேண்டிய இந்த உறவுக்கு நம்மிடம் ஒற்றைச் சொல் இருப்பதில் பிள்ளைகளுக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்த வீட்டில் வேறு யாருக்கும் இந்தப் பாட்டியைத் தெரியாது. செவிலியிடம் சொன்னால் கனவு கண்டாய் என்கிறாள்.

பாட்டி சிலந்தி வலையை நூற்று ஒரு நூற்கண்டு செய்கிறாள். நூலின் ஒரு முனையை ஐரீனின் மோதிரத்தில் கட்டுகிறாள். கண்டு பாட்டியிடமே இருக்கும். ஆபத்து வந்தால் மோதிரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, சுட்டுவிரலால் நூலைத் தடவிக்கொண்டே அது போகும் வழியில் போக வேண்டும். நூல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது.

இன்னொரு பக்கம் கர்டி என்ற சுரங்கத் தொழிலாளியின் மகன். அம்மாவுக்குச் சிவப்புக் கம்பளிப் பாவாடை வாங்கப் பணம் சேர்ப்பதற்காக இரவிலும் சுரங்கத்தில் தங்கி வேலை செய்கிறான். அப்படித் தங்கும்போது கோப்ளின்களின் பேச்சு அவன் காதில் விழுகிறது. ஏதோ பெரிய சதி நடக்கிறது என்று தெரிந்து அவர்களை வேவு பார்க்கப் போய் மாட்டிக்கொள்கிறான். பாறைப் பொந்து ஒன்றில் அவனை அடைத்துப் போடுகிறார்கள். இது 18, 19ஆம் அத்தியாயங்களில் நடக்கிறது. அடுத்தது ஐரீனின் முறை.

20ஆம் அத்தியாயத்தின் கடைசி வரியில் என் மகள் அழுதுவிட்டாள். அங்கே நிறுத்தினது தவறா?

தவறுதான். நானும் அதையே செய்தேன். மணி ஒன்பதரை ஆகிவிட்டது, நாளைக்கு மீதி என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன். என் மகன் அழவில்லை. ஆனால் விளக்கை அணைத்து வெகுநேரம் கழித்து, "அம்மா, பாட்டி பொய் சொல்லிவிட்டாளா?" என்று இருட்டிலிருந்து கேட்டான். எழுந்து விளக்கைப் போட்டு 21ஆம் அத்தியாயம் முழுவதையும் படித்து முடித்தேன்.

20ஆம் அத்தியாயம் எப்படி முடிகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் அறைக்குள் ஏதோ கொடிய பிராணிகள் சண்டை போடும் சத்தம் கேட்டு ஐரீன் விழித்துக்கொள்கிறாள். சொன்னபடியே மோதிரத்தைத் தலையணைக்கு அடியில் வைக்கிறாள். நூலைப் பிடிக்கிறாள். அது மாடிக்கு, பாட்டியிடம் கூட்டிப்போகும் என்று நினைக்கிறாள். நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். நூலோ வீட்டைவிட்டு வெளியே போகிறது. மலைமேல் ஏறுகிறது. ஓடை வெளிவரும் ஒரு துவாரத்துக்குள் நுழைந்து மலையின் வயிற்றுக்குள் போகிறது. இருட்டில் வெகுதூரம் நடந்த பிறகு ஒரு பெரிய கற்குவியலுக்குள் போய் மறைகிறது. அதற்கு மேல் வழி இல்லை. திரும்பிவிடலாம் என்று நூலைப் பின்பக்கமாகத் தடவுகிறாள். பின்பக்கம் நூலே இல்லை. முன்னால் தொட்டால் இருக்கிறது, பின்னால் தொட்டால் இல்லை. எட்டு வயதுக் குழந்தை கற்களின்மேல் விழுந்து கதறுகிறாள். அங்கே அத்தியாயம் முடிகிறது.

தூங்கப் போகும் குழந்தையை இந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. இரண்டு அத்தியாயங்களையும் சேர்த்தே படியுங்கள். நேரம் போதாது என்றால் 19உடன் நிறுத்திக்கொள்ளுங்கள். கர்டி பொந்தில் கிடக்கிறானே என்று கேட்பீர்கள். கர்டியைப் பற்றிப் பிள்ளைகள் அவ்வளவு பயப்படுவதில்லை. அவன் அந்த நிலையிலும் கோப்ளின்களைக் கிண்டல் செய்து பாட்டுக் கட்டிக்கொண்டிருப்பான்.

20ஆம் அத்தியாயத்தில் ஒரு கோப்ளினும் ஐரீன்மீது கை வைக்கவில்லை. சண்டை இல்லை, துரத்தல் இல்லை. பிறகு ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது?

இந்தக் கேள்விக்கு நான் பல நாள் பதில் தேடியிருக்கிறேன். இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: யாரையோ மீட்கப் போகிறோம் என்பதே ஐரீனுக்குத் தெரியாது.

மீட்புக் கதைகளின் வழக்கம் என்ன? யாரோ சிறைப்பட்டிருக்கிறார்கள், ஒருவர் தெரிந்தே கிளம்புகிறார். அனுமன் கடலைத் தாண்டும்போது தேடுவது யாரை என்று அவனுக்குத் தெரியும், கேட்கிற நமக்கும் தெரியும். இங்கே ஐரீன் கிளம்புவது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. பயந்துபோன குழந்தை பாட்டியின் மடியைத் தேடிப் போகிறாள். ஒவ்வொரு அடியும் மடியைவிட்டுத் தூரமாகவே போகிறது. 'நூல் பிடித்தாற்போல்' என்று நேர்கோட்டுக்குச் சொல்வோம். இந்த நூல் நேராகவே போவதில்லை.

அவளுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். அந்த மலைக்குள்தான் கர்டி இருக்கிறான். ஆனாலும் மெக்டொனால்ட் அதை நாம் அந்த நேரத்தில் மறந்துபோகும்படி எழுதியிருக்கிறார். குழந்தையின் விரல்நுனியோடு நம்மையும் ஒட்டிவிடுகிறார். இருட்டில் விரலுக்கு அடியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு மெல்லிய இழை. அது அறுந்தால் என்ன ஆகும் என்ற பயத்துக்குக் கோப்ளின் தேவையில்லை.

பின்பக்கம் நூல் மறைந்துபோவதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த நாவலின் மிகக் கூர்மையான கற்பனை. தெருப் பிள்ளைகளுக்குப் படித்தபோது இந்த இடத்தில் ஒரு பையன் தன் விரலை முன்னும் பின்னும் பாயில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டி ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை? "நீ போய்க் கர்டியைக் காப்பாற்று" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இது குழந்தையை ஏமாற்றுவது ஆகாதா?

பெற்றோர்தான் இதை அதிகம் கேட்கிறார்கள், அதுவும் கோபமாக. கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 15ஆம் அத்தியாயத்தைத் திரும்பப் பாருங்கள். நூல் உன்னை மிகவும் சுற்றுவழியாகக் கூட்டிப்போவதாகத் தோன்றலாம், அப்போதும் அதைச் சந்தேகிக்காதே என்று பாட்டி அங்கேயே சொல்லிவிடுகிறாள். நீ அதைப் பிடித்திருக்கும்வரை நானும் பிடித்திருக்கிறேன் என்றும் சொல்கிறாள். மறு முனை தன் கையில் இருக்கிறது என்பதற்கு மேல் அவள் எதையும் வாக்களிக்கவில்லை. வழி சுகமாக இருக்கும் என்று ஒருபோதும் சொல்லவில்லை.

கர்டியின் பெயரைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஐரீன் துணிச்சலான பெண் என்று காட்டும் கதையாக இது ஆகியிருக்கும். அதுவும் நல்ல கதைதான். ஆனால் கற்குவியலின்மேல் விழுந்து அவள் அழும் அழுகை இருந்திருக்காது. அங்கே அவளை உடைப்பது பயம்கூட இல்லை, பாட்டி தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்ற எண்ணம். அந்த எண்ணத்தோடு அவள் என்ன செய்கிறாள் என்பதைத்தான் மெக்டொனால்ட் பார்க்க விரும்புகிறார்.

21ஆம் அத்தியாயம் தொடங்கும்போது அவள் அழுதுகொண்டேதான் இருக்கிறாள். ஆனால் விரல் தன்னிச்சையாக நூலைத் தடவிக்கொண்டே இருக்கிறது, அது கற்களுக்குள் போகும் இடம் வரை, திரும்பத் திரும்ப. அப்படியே அவளுக்குத் தோன்றுகிறது: கற்களை எடுத்துப்போட்டால் நூல் அடுத்து எங்கே போகிறது என்று தெரியுமே. உடனே எழுந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து எறிய ஆரம்பிக்கிறாள். முதுகு வலிக்கிறது. விரல்களில் ரத்தம் வருகிறது. குவியல் குறைவதைப் பார்க்கும் மகிழ்ச்சி ஒன்றுதான் அவளைத் தாங்குகிறது.

நம்பிக்கை என்ற பெரிய சொல்லை இந்த இடத்தில் ஆசிரியர் கொண்டுவருவதே இல்லை. ஒரு குழந்தை கல் பொறுக்கிப் போடுகிறாள், அவ்வளவுதான். என் மகன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இந்தப் பத்தியைப் படித்தேன், போதுமாக இருந்தது.

கர்டியிடமும் நூல்கண்டு இருந்ததே? அது ஏன் அவனைக் காப்பாற்றவில்லை?

அருமையான கேள்வி. இதைக் கேட்டது பத்து வயதுப் பெண். பெரியவர்கள் யாரும் கவனிக்கவில்லை, நானும் இரண்டாம் முறை படித்தபோதுதான் கவனித்தேன்.

18ஆம் அத்தியாயத்தின் தலைப்பிலும் 20ஆம் அத்தியாயத்தின் தலைப்பிலும் ஆசிரியர் ஒரே சொல்லை வைத்திருக்கிறார். முதலாவது கர்டியின் துப்பு, இரண்டாவது ஐரீனின் துப்பு. துப்பு என்ற பொருளுள்ள அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலப்பொருள் நூல்கண்டு. சிக்கலான குகை வழியில் நூலை விட்டுக்கொண்டே போய்த் திரும்பிய கிரேக்க வீரன் தீசியஸின் பழங்கதையிலிருந்து அந்தப் பொருள் துப்புக்கு வந்தது. மெக்டொனால்ட் இதைத் தெரிந்தேதான் செய்கிறார்.

கர்டியின் ஏற்பாடு புத்திசாலித்தனமானது. பிக்காசை ஒரு இடத்தில் மாட்டி, அதில் நூலைக் கட்டி, கண்டைப் பிரித்துக்கொண்டே உள்ளே போவான். திரும்பும்போது சுற்றிக்கொண்டே வருவான். பல இரவுகள் இது பலிக்கிறது. ஓர் இரவு நூலைச் சுற்றிக்கொண்டே வந்தவன் கோப்ளின் அரச குடும்பத்தின் குகையில் வந்து நிற்கிறான். கோப்ளின்களின் பிராணிகள் பிக்காசை வேறு இடத்துக்கு இழுத்துப் போயிருக்க வேண்டும் என்பது அவனுடைய முடிவு. நூலில் குறையில்லை. மறு முனை யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் போய்விட்டது.

ஐரீனின் நூலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் ஒரு வரியில்கூட விளக்குவதில்லை. நீங்களும் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டாம். அந்தப் பத்து வயதுப் பெண்ணைப்போல யாராவது ஒருநாள் தானே கண்டுபிடிப்பார்கள்.

பொந்திலிருந்து கர்டி வெளியே வந்த பிறகும் ஐரீன் ஏன் அதற்குள் நுழைகிறாள்? எல்லாரும் "வேண்டாம்!" என்று கத்திவிட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் கத்தினார்கள். கற்களுக்கு அப்பாலிருந்து பாட்டுக் கேட்கிறது, கர்டியின் குரல் என்று ஐரீன் அடையாளம் காண்கிறாள். கோப்ளின்களுக்குப் பாட்டு பிடிக்காது, ஆகவே அவர்களை விரட்டக் கட்டிய பாட்டு. அதுவே இப்போது அவனைக் காட்டிக்கொடுக்கிறது, நல்லவிதமாக. கற்கள் போனதும் பொந்தை மூடியிருந்த பாறையை நகர்த்திக் கர்டி வெளியே வருகிறான். சரி, கிளம்பலாம் என்கிறான். ஐரீன் அசையவில்லை. நூல் அவன் வெளியே வந்த அதே பொந்துக்குள் போகிறது, நான் அதன் வழியேதான் போவேன் என்கிறாள்.

நியாயப்படி பார்த்தால் கர்டி சொல்வதுதான் சரி. சுரங்கத்தில் வளர்ந்தவன், வழி தெரிந்தவன். ஆனால் பாட்டி கர்டியைக் காட்டும்வரைதான் நூல் என்று சொல்லவில்லையே. கிடைத்தது போதும் என்று நூலை விட்டுவிடாமல் இருப்பது, கற்களை எடுத்ததைவிடக் கடினமான வேலை என்று எனக்குப் படுகிறது. கடைசியில் கர்டி அவள் பின்னால் போகிறான். அவள் தனியாகப் போகக் கூடாதே என்பதற்காக. அவன் நல்ல பிள்ளை என்பதற்கு இதுவே சாட்சி. அடுத்த கேள்விக்கு இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசியின் காலணியைத் திருடும் இடம் தேவையா? பதற்றம் குறைந்துவிடுகிறதே.

குறைவதற்காகத்தான் அது இருக்கிறது. தப்பிக்கும் வழியில் கோப்ளின் அரசனும் அரசியும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். கோப்ளின்களின் பாதங்கள் மிக மென்மையானவை, மிதித்தால் துடித்துப்போவார்கள். அரசி மட்டும் கல்லால் ஆன காலணி அணிந்திருக்கிறாள். கர்டி மெல்ல ஒரு காலணியைக் கழற்றுகிறான். உள்ளே ஆறு விரல்கள்! தங்களுக்குக் கால்விரல்களே இல்லை என்பதில் கோப்ளின்களுக்கு அவ்வளவு பெருமை. இரண்டாவது காலணியை இழுக்கும்போது அரசி விழித்துக்கொள்கிறாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு வேண்டும். படிக்கிறவரும் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம்.

கர்டி நன்றி கெட்டவனா?

என் அக்கா மகள் இரண்டு நாள் கர்டியோடு பேச மாட்டேன் என்று இருந்தாள். கதாபாத்திரத்தோடு எப்படிப் பேசாமல் இருக்க முடியும் என்று கேட்காதீர்கள். அவன் பெயர் வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நடந்தது இதுதான். ரத்தம் வழியும் கைகளோடு காப்பாற்றியவள், பாட்டி அனுப்பினாள், இந்த நூல்தான் வழி காட்டியது என்கிறாள். கர்டி தொட்டுப் பார்க்கிறான், அவன் விரலுக்கு ஒன்றும் படவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஐரீன் அவனைக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போகிறாள். அவள் கண்ணுக்குப் பாட்டி, அழகான அறை, எல்லாம் தெரிகிறது. அவனுக்குத் தெரிவது வெறும் பரண், கொஞ்சம் வைக்கோல், வாடிப்போன ஓர் ஆப்பிள், ஒரு கீற்று வெயில். என்னை முட்டாளாக்கப் பார்க்கிறாள் என்று மனம் புண்பட்டுப் போய்விடுகிறான்.

இது 22ஆம் அத்தியாயம். என் கணக்கில் மீட்பு அத்தியாயங்களின் உண்மையான முடிவு இதுதான். ஆகவே இதையும் அதே வாரத்துக்குள் படித்துவிடுங்கள். குகையில் அழுதும் எழுந்துகொண்ட ஐரீன் இங்கே உடைந்துபோகிறாள். பாட்டி அவளைச் சமாதானம் செய்வது கர்டியைக் குறை சொல்லி அல்ல. அவனுக்கு நேரம் கொடு என்கிறாள். கொஞ்ச காலம் பிறர் உன்னைத் தவறாகப் புரிந்துகொள்வதைப் பொறுத்துக்கொள் என்கிறாள். எல்லாருக்கும் தன்னைப் பிறர் புரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது, அதைவிட அவசியமானது பிறரை நாம் புரிந்துகொள்வது என்கிறாள். எட்டு வயதுப் பெண்ணிடம், அவள் அழுதுகொண்டிருக்கும்போது சொல்கிறாள். முதல் முறை படித்தபோது, இந்தப் பாட்டி கொஞ்சம் கடுமையானவள் என்று நினைத்தேன். அக்கா மகள் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த இரண்டு நாளில்தான், கேட்க வேண்டியவளுக்குத்தான் சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது.

கர்டி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்கிறான். 23ஆம் அத்தியாயம். அந்த அம்மா அவனைத் திட்டுவதில்லை. நல்ல பெண் என்று தெரிந்த ஒருத்தி சொல்வதை, உனக்குப் புரியவில்லை என்பதற்காகப் பொய் என்று முடிவு கட்டலாமா என்று கேட்கிறாள். பிறகு, பல ஆண்டுகளுக்கு முன் இருட்டில் கோப்ளின் பிராணிகள் தன்னைச் சூழ்ந்துகொண்டபோது எங்கிருந்தோ ஓர் ஒளியும் ஒரு வெள்ளைப் பறவையும் வந்து காப்பாற்றியதைச் சொல்கிறாள். அதுவரை யாரிடமும் பெரிதாகப் பேசாத ஒன்று. இந்தக் காட்சிக்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் கர்டிக்கு மன்னிப்புக் கிடைத்தது.

'கோப்ளின்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? பூதம் என்று சொன்னால் என்ன?

நான் முதலில் பூதம் என்றுதான் சொன்னேன். சரிவரவில்லை. நம் பூதம் பெரிய உருவம், புதையல் காக்கும், விளக்குக்குள் இருக்கும், சில சமயம் நமக்கு வேலையும் செய்யும். குட்டிச்சாத்தான் என்றால் மந்திரவாதி ஏவி விடுவது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. இந்தக் கோப்ளின்கள் ஒரு காலத்தில் மேலே வாழ்ந்த மனிதர்கள். அரசன் போட்ட வரி அதிகம் என்று மனம் கசந்து மலைக்குள் போய்விட்டவர்களின் வழிவந்தவர்கள். இருட்டிலேயே வாழ்ந்து உருவம் கோணிப்போனவர்கள். அந்தப் பழைய கசப்புதான் இன்றைய சதிக்குக் காரணம். இதற்கு ஒட்டும் சொல் கிடைக்காமல் கோப்ளின் என்றே விட்டுவிட்டேன். இரண்டாம் நாளே பிள்ளைகள் அந்தச் சொல்லைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 'அடே கோப்ளின், காலைக் காட்டு' என்று மிதிக்கத் துரத்துவது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

மென்மையான பாதம் எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் 1954இல் எழுதிய ஒரு கடிதத்தில், தன் கதைகளில் வரும் ஆர்க்குகள் என்ற கொடிய உயிரினங்களுக்கு மெக்டொனால்டின் கோப்ளின்களிடம் கடன் உண்டு என்று ஒப்புக்கொண்டு, மென்மையான பாதத்தை மட்டும் தான் ஒருபோதும் நம்பவில்லை என்கிறார். எங்கள் தெருப் பிள்ளைகள் நம்பினார்கள்.

நூல் என்ற சொல்லைப் படிக்கும்போது பிள்ளைகள் குழம்பமாட்டார்களா?

குழம்பினார்கள், அதனால் எனக்கு ஒரு பரிசு கிடைத்தது. "பாட்டி புத்தகமா நூற்கிறாள்?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். ஆங்கிலத்தில் இந்தக் கேள்வி எழவே முடியாது. நம் மொழியில் இழையும் நூல், புத்தகமும் நூல். நன்னூலின் பாயிரத்தில் இதற்கென்றே ஒரு வெண்பா இருக்கிறது. சொல்லைப் பஞ்சாகவும், புலவரை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவை நூற்கும் கதிராகவும் வைத்து நூல் உருவாகும் விதத்தைச் சொல்வது. அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கோபுரத்தின் உச்சியில் ஒருத்தி இரவெல்லாம் நூற்கிறாள், அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை இருட்டைக் கடக்கிறாள். மெக்டொனால்டுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று எனக்கு ஓர் ஆசை.

ஆசிரியர் பாதிரியார் என்று கேள்விப்பட்டேன். இது மதம் பரப்பும் கதையா?

அவர் ஸ்காட்லாந்தின் ஹன்ட்லி ஊரில் 1824இல் பிறந்தவர். 1832இல், சிறுவனாக இருக்கும்போதே, தாயை இழந்தார். தாயில்லாத ஐரீனை எழுதியவர் யார் என்பதற்கு அது ஒன்றே போதும். இங்கிலாந்தின் அருண்டெல் ஊரில் சில ஆண்டுகள் போதகராக இருந்தார். கடவுளின் கருணை யாரையும் ஒதுக்கிவிடாது என்ற அவருடைய போதனை சபையாருக்குப் பிடிக்கவில்லை. சம்பளத்தைக் குறைத்தார்கள். 1853இல் விலகிவிட்டார். பிறகு எழுத்துதான் வாழ்க்கை. பதினொரு பிள்ளைகள்.

அவருடைய சமய நம்பிக்கை கதைக்குள் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தக் கடவுளின் பெயரையும் சொல்லி வாசகரிடம் எதையும் கேட்பதில்லை. ஒரு பாட்டி, ஒரு ராட்டை, புறாக்கள், ரோஜா நெருப்பு. எங்கள் கூட்டத்தில் மூன்று மதத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். எள்ளுப்பாட்டியை அவரவர் பாட்டியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

எந்த வயதுக் குழந்தைக்கு? எங்கே கிடைக்கும்?

மடியில் உட்கார்த்திப் படிப்பதானால் ஏழு வயதுக்கு மேல். தானாகப் படிக்கப் பத்து, பதினொன்று. பழைய ஆங்கிலம், வாக்கியங்கள் நீளம். ஆசிரியர் காலமானது 1905இல், ஆகவே காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. குட்டன்பர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் படம் வரைந்தவர் ஆர்தர் ஹியூஸ். 1920இல் ஜெஸ்ஸி வில்காக்ஸ் ஸ்மித் வரைந்த வண்ணப் படங்களும் அழகானவை. ஆனால் 20ஆம் அத்தியாயத்தைப் படம் காட்டாமல் படியுங்கள். அங்கே இருட்டுதான் வேண்டும்.

கர்டிக்கு அந்த நூல் கடைசிவரை தட்டுப்படவே இல்லையா?

தட்டுப்படுகிறது. 28ஆம் அத்தியாயம். கோப்ளின்கள் வீட்டுக்குள் புகுந்து, விரட்டப்பட்ட பிறகு, ஐரீனைக் காணவில்லை. கோப்ளின்கள் தூக்கிப் போய்விட்டார்கள் என்று எல்லாரும் பதறுகிறார்கள். அப்போது கர்டியின் கையில் ஏதோ படுகிறது. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவுகிறான், இழை. அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நூல் போகும் வழியில் போகிறான். அது கோப்ளின்களின் குகைக்குப் போகும் என்றுதான் அவன் நினைக்கிறான். நூலோ வீட்டைவிட்டு வெளியே வந்து, மலைமேல் ஏறி, அவனுடைய சொந்தக் குடிசையின் வாசலுக்குக் கூட்டிப்போகிறது. உள்ளே அடுப்பருகே அவன் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அவள் கைகளுக்குள் ஐரீன் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.